அஞ்சாம் வெள்ளி: பிரிந்துபோன அப்பாவின் பாட்டை கண்ட்ரி பாணியில் கட்டுவது எப்படி

ராக் இசையில் வளர்ந்தவர் கண்ட்ரி பாணியில் (அமெரிக்கத் தென்மாநில நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த இசை) ஒரு பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் கை தானாகப் பழைய இடத்துக்குப் போகும்: டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குவது), பவர் கார்ட் (இரண்டு சுரத்தை ஒன்றாக அடிக்கும் முரட்டு ஒலி), பல்லவியில் அலறல். விவாகரத்தின் கோபத்தைச் சொல்ல அவை போதும். பிள்ளையைப் பற்றிச் சொல்ல வரும்போது அவை உதவாது. மகளை அழைத்துப்போக ஓர் அப்பா வெள்ளிக்கிழமை மாலை காருக்குள் காத்திருப்பதை அலறிச் சொல்ல முடியாது. இந்தப் பாட்டில் ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழ வேண்டும். இசை அந்தச் சொல்லுக்கு வழிவிட வேண்டும். கீழே உள்ள அளவுகளும் எச்சரிக்கைகளும் அதற்காகத்தான்.

மாதிரிக்கு ‘அஞ்சாம் வெள்ளி’ என்று ஒரு பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி மிக்ஸ் (பதிந்த ஒலிகளை அளவாகச் சேர்ப்பது) வரை கட்டிப் பார்ப்போம். கதை நடப்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். வரிகளை மட்டும் தமிழில் எழுதிக்கொள்வோம்.

நாட்காட்டியை எடுத்து வையுங்கள்

விவாகரத்துப் பாட்டுகள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தோற்றுவிடுகின்றன. ‘உடைந்த இதயம்’, ‘வெறுமை’, ‘கண்ணீர்’ என்று உணர்ச்சியின் பெயரை எழுதிவிட்டால் கேட்பவருக்குக் கண்ணில் ஒன்றும் தெரிவதில்லை. நல்ல கண்ட்ரி எழுத்தாளர் கிழமையை எழுதுவார், மணியை எழுதுவார், மேசைமேல் கிடக்கும் பொருளை எழுதுவார். 1968-இல் கண்ட்ரிப் பாடகி டாமி வினெட் பாடிப் புகழ்பெற்ற விவாகரத்துப் பாட்டில் (எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன்) தாய் ‘டிவோர்ஸ்’ என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்கிறாள். நாலு வயது மகனுக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காக. துயரம் என்று தனியாகச் சொல்ல அங்கே அவசியமே இல்லை. எழுத்துக்கூட்டும் செயலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அப்பா பக்கத்துக்கு அப்படி ஒரு செயலை எங்கே தேடுவது? நீதிமன்ற உத்தரவில் தேடுங்கள். பெற்றோர் 50 மைலுக்கு மேல், 100 மைலுக்குள் வசித்தால் டெக்சாஸ் குடும்பச் சட்டம் வகுத்திருக்கும் வழக்கமான ஏற்பாடு இது: மாதத்தின் முதல், மூன்றாம், ஐந்தாம் வெள்ளிக்கிழமைகளில் மாலை 6 மணிக்குப் பிள்ளை வரும், ஞாயிறு மாலை 6 மணிக்குத் திரும்பும். பள்ளி நடக்கும் மாதங்களில் வியாழன் மாலை 6 முதல் 8 வரை இரண்டு மணி நேரம்.

இந்தப் பத்தியிலேயே பாட்டு இருக்கிறது. ஐந்து வெள்ளி வரும் மாதங்கள் ஆண்டுக்கு நான்கு, சில ஆண்டுகளில் ஐந்து. ஐந்தாம் வெள்ளி வந்தால் அடுத்த வாரமே அடுத்த மாதத்தின் முதல் வெள்ளி. இரண்டு வாரக் கடைசிகள் தொடர்ந்து பிள்ளை அப்பாவிடம் இருக்கும். புதுவருட நாட்காட்டி கைக்கு வந்ததும் ஐந்து வெள்ளி உள்ள மாதங்களைப் பேனாவால் வட்டமிடும் மனிதர் ஒருவர் நமக்குக் கிடைத்துவிட்டார். தலைப்பும் கிடைத்துவிட்டது.

உங்கள் பாட்டு வேறு ஊரில் நடக்கிறது என்றால் அந்த ஊரின் ஏற்பாட்டை விசாரித்து எழுதுங்கள். ‘வாரக் கடைசியில் பார்ப்பேன்’ என்ற பொதுவரி எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

ஒரு பொருள் பாட்டு முழுவதும் நடக்கட்டும்

நாளைப் பிடித்தபின் ஒரு பொருளைப் பிடிக்க வேண்டும். இங்கே அது காரின் இருக்கை. டெக்சாஸில் 8 வயது நிறையும்வரை, அல்லது உயரம் 4 அடி 9 அங்குலத்தை எட்டும்வரை, பிள்ளைக்குத் தனி இருக்கையோ பூஸ்டர் சீட்டோ (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) கட்டாயம். முதல் சரணத்தில் மகளுக்கு நாலு வயது. பாதிவழிப் பெட்ரோல் நிலையத்தில் அம்மாவின் காரிலிருந்து பூஸ்டர் சீட்டைக் கழற்றி அப்பா தன் காரில் மாட்டுகிறார். இரண்டாம் சரணத்தில் அந்தச் சீட் இல்லை, பின் இருக்கைத் துணியில் அது அழுத்திய தடம் மட்டும் இருக்கிறது. மகளுக்கு எட்டு வயது தாண்டிவிட்டது என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. பிரிட்ஜில் (கடைசிப் பல்லவிக்கு முன் வேறு மெட்டில் வரும் பகுதி) பதினாறு வயதாகி உரிமம் வாங்கியவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு காருக்குள் கடந்துவிட்டன.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு பொருள்களைக் குவிப்பது. பல் துலக்கும் பிரஷ், பொம்மை, போர்வை, நாய், மோதிரம் என்று சரணத்துக்கு ஐந்து பொருள் வந்தால் எதுவும் நிற்காது. பாட்டு முழுக்கப் பயணம் செய்வது ஒரு பொருள், ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டுவது அதிகம் போனால் இரண்டு. அவ்வளவுதான்.

வரிகள்

பல்லவிக்கு முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

அஞ்சாம் வெள்ளி வந்த மாசம்
அடுத்த வெள்ளியும் எம் பக்கம்
நாலே வெள்ளி உள்ள மாசம்
நடுவுல எல்லாம் உன் ஏக்கம்

‘பக்கம்’ என்று எழுதியதும் ‘ஏக்கம்’ ஓடி வந்துவிட்டது. இயைபு இழுத்துக்கொண்டு வந்த சொல் அது. மனிதர் சொன்ன சொல் இல்லை. மீண்டும் எழுதினால்:

அஞ்சாம் வெள்ளி வந்த மாசம்
அடுத்த வெள்ளியும் எங்கூடத்தான்
நாலே வெள்ளி உள்ள மாசம்
நடுவுல ரெண்டு வெறுங்கட்டில்தான்

கட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. அது போதும். தமிழில் வினைச்சொல் வரியின் கடைசியில் வந்து உட்கார்வதால் ‘வந்ததே–போனதே’ என்று இயைபு மலிவாகக் கிடைக்கும். ஆங்கிலக் கண்ட்ரிப் பாட்டில் வரி இறுதி ஒலிப்புக்கு இருக்கும் எடை அதனால் தமிழில் கிடைக்காது. மோனையையும் எதுகையையும் நம்புங்கள். ‘அஞ்சாம்–அடுத்த’, ‘நாலே–நடுவுல’ என்ற மோனை வரியின் தொடக்கத்தைத் தாளத்தோடு கட்டிவைக்கிறது.

கண்ட்ரிப் பாட்டில் பல்லவியின் சொற்கள் மாறாமல் பொருள் மாற வேண்டும். கடைசிப் பல்லவிக்கு முந்திய வரியில் தொலைபேசி அடிக்கிறது. மகள் சொல்கிறாள்: “அப்பா, இது அஞ்சாம் வெள்ளி.” அதன்பின் வரும் பல்லவி அவள் வாயிலிருந்து வருவதாகக் கேட்கும். ‘எங்கூடத்தான்’ இப்போது அவள் அப்பாவை அழைப்பது. ‘வெறுங்கட்டில்’ என்பது அவளுக்கும் அது தெரிந்திருந்தது என்பது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. உங்கள் தலைப்பு இப்படித் திரும்ப மறுத்தால் சரணங்களைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. தலைப்பையே மாற்றுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதும்போது

இந்த இடத்தில் பொறுமையாக இருங்கள். பாட்டைக் கேட்கப்போகிறவர்களில் உங்கள் பிள்ளையும் உண்டு. இன்று நாலு வயது என்றாலும் பதினைந்தில் கேட்கும். அம்மாவைக் குற்றம் சாட்டும் ஒரு வரி அந்தப் பிள்ளையை இரண்டாகப் பிளக்கும். சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும்: பிள்ளையின் காதில் விழும்படி ஒருவரையொருவர் இழிவாகப் பேசக் கூடாது என்ற நிபந்தனை அமெரிக்க விவாகரத்து உத்தரவுகள் பலவற்றில் இருக்கிறது. பாட்டை வெளியிடும்முன் உங்கள் வழக்கறிஞரிடம் வரிகளைக் காட்டிவிடுங்கள்.

எழுதும் முறை எளிது. அம்மாவுக்கு ஒரே ஒரு செயல் கொடுங்கள், அது நல்ல செயலாக இருக்கட்டும். நம் பாட்டில் அவள் பூஸ்டர் சீட்டின் கொக்கி சரியாக விழுந்ததா என்று குனிந்து இழுத்துப் பார்க்கிறாள். அவ்வளவே. தவறை அப்பா தன்மேல் எடுத்துக்கொள்ள வேண்டும், அதையும் எண்ணிக்கையாகச் சொல்ல வேண்டும். ‘நான் நல்லவனாக இல்லை’ என்பது மன்னிப்புப் போலக் கேட்கும், ஆனால் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. ‘அந்த வருஷம் இருநூறு இரவு பஸ்ஸில் தூங்கினேன்’ என்பது ஒப்புக்கொள்கிறது. கச்சேரிக்காக ஊர் ஊராகப் போன ராக் இசைக்கலைஞருக்கு அந்தக் கணக்கு உண்மையாகவே இருக்கும். அதைத் தேடி எழுதுங்கள். பிள்ளையின் உண்மைப் பெயரையும் பள்ளியையும் பாட்டில் வைக்க வேண்டாம்.

கட்டமைப்பு

தமிழ்ப் பாட்டில் பல்லவி முதலில் வரும். இங்கே சரணம் முதலில், பல்லவி அதன் விடையாகப் பின்னால். நாலு தட்டுத் தாளம், நிமிடத்துக்கு 76 தட்டு. நாலு தட்டு ஒரு பார். பார் கணக்கு இது:

முன்னிசை 4, முதல் சரணம் 16, பல்லவி 8, இடைவெளி 2, இரண்டாம் சரணம் 8, பல்லவி 8, தனியிசை 4, பிரிட்ஜ் 8, கடைசிப் பல்லவி 8, முடிப்பு 2.

மொத்தம் 68 பார். ஒரு பார் ஏறக்குறைய 3.16 விநாடி, ஆகப் பாட்டு 3 நிமிடம் 35 விநாடி. இரண்டாம் சரணம் முதலாவதில் பாதி என்பதைக் கவனியுங்கள். கதை தெரிந்தபின் கேட்பவருக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு சரணத்தையும் 16 பாராக வைத்தால் பாட்டு நாலு நிமிடத்தை எட்டும், நடுவில் தொய்யும். வேகத்தை 100-க்கு மேல் ஏற்றினால் ரயில் ஓடுவது போன்ற துள்ளல் வந்துவிடும், காருக்குள் காத்திருக்கும் மனிதர் காணாமல் போவார்.

கார்ட்களை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) நாஷ்வில் எண்முறையில் எழுதிவையுங்கள். நாஷ்வில் கண்ட்ரி இசையின் தலைநகர் போன்ற ஊர். இந்த முறை 1950-களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் ஜூனியர் பாட்டுப் பதிவுக்காக வகுத்தது, பிறகு சார்லி மெக்காய் போன்ற ஸ்டூடியோ வாசிப்பாளர்கள் வளர்த்தது. ஸ்கேலின் (பாட்டின் சுர வரிசை) எத்தனையாவது சுரத்தில் கார்ட் நிற்கிறதோ அந்த எண். மைனருக்கு எண்ணின் பக்கத்தில் சிறு கோடு. பாடகருக்கு ஸ்ருதி ஒத்துவராமல் மாற்றினாலும் தாளைத் திருத்த வேண்டாம்.

சரணம்: 1 1 4 1 / 1 1 5 5 / 1 1 4 1 / 1 5 1 1
பல்லவி: 4 4 1 1 / 4 1 5 1
பிரிட்ஜ்: 6– 6– 4 4 / 1 1 5 5

இரண்டாம் சரணத்துக்கு முதல் சரணத்தின் கடைசி எட்டுப் பார். ஜி ஸ்கேலில் 1 என்பது ஜி, 4 சி, 5 டி, 6– ஈ மைனர். மைனர் கார்டைப் பிரிட்ஜ் வரும்வரை தொடவே கூடாது. சோகப் பாட்டு என்று சரணத்திலேயே ஈ மைனரை வைப்பது ராக் கையின் பழக்கம். வைத்துவிட்டால் பிரிட்ஜுக்கு நிறம் மிச்சமிருக்காது. மேஜர் கார்டின் வெளிச்சத்தில் சோகமான சொல் விழும்போதுதான் கண்ட்ரியின் வலி வருகிறது. எஃப் கார்டும் கை அருகிலேயே இருக்கும். அதைச் சேர்த்தால் பாட்டு தென்மாநில ராக்காகத் திரும்பிவிடும், இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

பிரிட்ஜின் கடைசி 5-ஆம் கார்டைச் சுற்றி வைர வடிவம் போடுங்கள். எல்லோரும் ஒரு முறை அடித்துவிட்டு ஒலியை அப்படியே விட வேண்டும் என்பது அதன் பொருள். அந்த அமைதியில்தான் தொலைபேசி வரி.

கிட்டார்

ஒலியின் முதுகெலும்பு ஓர் அகூஸ்டிக் கிட்டார், முதல் கம்பி 0.012 அங்குலமாக உள்ள கம்பித் தொகுப்பு. ஒன்றாம் தட்டில் கட்டைவிரலால் அடிக்கம்பி, இரண்டில் மெல்லிய ஸ்ட்ரம் (கம்பிகளை ஒருசேர வருடுவது), மூன்றில் மாற்று அடிக்கம்பி, நாலில் ஸ்ட்ரம். ஜி-க்கு ஆறாம் கம்பி 3-ஆம் ஃப்ரெட் (கழுத்தின் கட்டம்), பிறகு திறந்த நாலாம் கம்பி. சி-க்கு ஐந்தாம் கம்பி 3-ஆம் ஃப்ரெட், பிறகு மோதிர விரலை ஆறாம் கம்பி 3-க்கு நகர்த்துங்கள். டி-க்குத் திறந்த நாலாம் கம்பி, பிறகு திறந்த ஐந்தாம் கம்பி. ஆறு கம்பியையும் ஒவ்வொரு தட்டிலும் அடித்தால் கீழ்ஒலி பேஸோடு மோதிக் கலங்கும்.

பல்லவி விரிய வேண்டும், ஆனால் சத்தம் கூடக் கூடாது. அதற்கு நாஷ்வில் ட்யூனிங் இருக்கிறது. இரண்டாவது அகூஸ்டிக்கில் 6, 5, 4, 3-ஆம் கம்பிகளைக் கழற்றிவிட்டு 0.027, 0.018, 0.012, 0.009 அங்குலக் கம்பிகளை மாட்டி, வழக்கமான சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். முதல் இரண்டு கம்பியும் பழையபடி. பன்னிரண்டு கம்பி கிட்டார்த் தொகுப்பில் மெல்லிய கம்பிகள் இதற்கே கிடைக்கும். மூன்றாம் கம்பி முதல் கம்பியையும் தாண்டிய சுரத்தில் நிற்பதால் சட்டென்று அறுந்துவிடும், மெதுவாக முறுக்குங்கள். சாதாரண அகூஸ்டிக்கை இடப்பக்கமும் இதை வலப்பக்கமும் வைத்து ஒரே வாசிப்பை வாசித்தால் நடுவில் குரலுக்கு இடம் திறந்துகொள்ளும்.

எலெக்ட்ரிக் ஒன்று போதும். டெலிகாஸ்டர் வகை, பிரிட்ஜ் பிக்கப் (கம்பி கட்டிய முனைக்கு அருகில் ஒலியைப் பிடிப்பது), சுத்தமான ஆம்ப், கொஞ்சம் கம்ப்ரெஷன் (உரத்த ஒலியை அழுத்திச் சமப்படுத்துவது), 120 மில்லி விநாடியில் ஒரே ஒரு எதிரொலி. டிஸ்டார்ஷனை ஏன் விலக்க வேண்டும் என்றால், அதன் மேலொலிகள் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை நிரப்பிவிடும். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறும் இடமும் அதுதான். ‘கட்டில்’ என்ற சொல்லின் ‘ட்டி’ கேட்காமல் போனால் வரியே போயிற்று.

பெடல் ஸ்டீல் (கிடத்திவைத்து, உலோகத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் கிட்டார்) வாசிப்பவர் கிடைக்கவில்லை என்றால் பல்லவி தொடங்கும் சி கார்டில் அதன் சாயலைக் கிட்டாரிலேயே கொண்டுவரலாம். மூன்றாம் கம்பி 7-ஆம் ஃப்ரெட், இரண்டாம் கம்பி 8, முதல் கம்பி 8. மூன்றையும் ஒன்றாகத் தட்டி, மூன்றாம் கம்பியை மட்டும் இரண்டு அரைச்சுரம் மேலே வளையுங்கள். டி சுரம் ஈ-க்கு ஏறும்போது கலைந்திருந்த ஒலி சி மேஜராகக் கூடும். மற்ற இரண்டு விரலும் அசையவே கூடாது. அசைந்தால் எல்லாச் சுரமும் சேர்ந்து பிசகும். வளைப்பு முழுச் சுரத்தை எட்டியதா என்று ட்யூனரில் பத்து முறை சோதித்தபின் பதிவு செய்யுங்கள்.

ஸ்டீல், பேஸ், டிரம்ஸ்

உண்மையான பெடல் ஸ்டீல் கிடைத்தால் விட வேண்டாம். பத்துக் கம்பி, ஈ9 ட்யூனிங், மூன்று பெடல், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள்: சுரம் அழுகை போல வழுக்குவது இவற்றால்தான். தொலைவில் இருக்கும் வாசிப்பாளருக்கு எண்முறைத் தாள், தாளம் காட்டும் கிளிக், குரலோடு கரட்டு மிக்ஸ், குரல் இல்லாத மிக்ஸ் நான்கையும் அனுப்புங்கள். சரணத்தில் வரி முடிந்தபின் மட்டும் வாசிக்கும்படி எழுதிவிடுங்கள். குரலும் ஸ்டீலும் ஒரே நேரத்தில் அழுதால் இரண்டும் பொய்யாகும். வயலின் சேர்க்க ஆசையிருந்தால் தனியிசைக்கு மட்டும்.

பேஸ் ஒன்றிலும் மூன்றிலும், ஒவ்வொரு கார்டின் முதல் சுரமும் ஐந்தாம் சுரமும். டிரம்ஸ் சரணத்தில் பிரஷ், பல்லவியில் குச்சியைக் குறுக்கே வைத்து ஸ்னேரின் விளிம்பில் தட்டல். முழு ஸ்னேரும் கிராஷும் கடைசிப் பல்லவிக்கு முன்னால் வரக் கூடாது. அந்தப் பல்லவியில் எலெக்ட்ரிக்கை 3 டெசிபல் திறந்துவிடுங்கள். உங்கள் ராக் இரத்தம் வெளியே வர வேண்டிய இடம் அது ஒன்றுதான், அங்கே அது நியாயமாகவும் இருக்கும்.

குரல்

முதலில் வரிகளை மெட்டு இல்லாமல் ஒரு நண்பரிடம் சொல்வது போலப் பேசிப் பதியுங்கள். சரணத்தின் மெட்டு அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை விட்டு விலகக் கூடாது. மிகத் தாழ்ந்த சுரம் நீங்கள் சாதாரணமாகப் பேசும் குரலில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் கேப்போவை (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) 2-ஆம் ஃப்ரெட்டில் மாட்டி ஏ-க்கு மாற்றிப் பாருங்கள். பல்லவியின் உச்சம் சரணத்தின் உச்சத்தைவிட ச-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரம் மேலே இருந்தால் போதும். அதற்குமேல் போனால் அலறல் திரும்பி வரும்.

தென்மாநில உச்சரிப்பைப் போலி செய்யாதீர்கள். ராக் பாடகர்கள் கண்ட்ரி கேட்பவர்களிடம் நம்பிக்கை இழப்பது முதன்மையாக இதனால்தான். ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் என்ற ராக் குழுவின் பாடகர் டேரியஸ் ரக்கர் 2008-இல் அமெரிக்கக் கண்ட்ரிப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது தன் பழைய குரலை அப்படியே வைத்துக்கொண்டுதான். நாஷ்வில் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து எழுதினார், குரலை மாற்றவில்லை. கூட எழுதுவதில் அந்த ஊரின் வழக்கம் உங்களுக்கும் பயன்படும்: அறையில் மூன்று பேர் இருந்தால் உரிமை மூன்று சமபங்கு, யார் எத்தனை சொல் கொடுத்தார் என்று எண்ணுவதில்லை. விவாகரத்து உங்கள் சொந்தக் கதை என்றால் கூட எழுத ஒருவர் இருப்பது இன்னும் நல்லது. எந்த வரி கோபம், எந்த வரி உண்மை என்று அவருக்குத் தெரியும்.

மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர். ஐந்து டேக் (முழுப் பதிவு முயற்சி), அதற்குமேல் வேண்டாம். ஆறாவதில் நடிப்பு நுழைந்துவிடும். குரலை இரட்டிப்பாகப் பதிந்து அடுக்க வேண்டாம், ஓர் அப்பா ஒருவராகத்தான் பேசுவார். ஸ்ருதி திருத்தும் மென்பொருளைப் பிசகிய ஓரிரு சுரத்துக்கு மட்டும் கையால் பயன்படுத்துங்கள். ஹார்மனி பல்லவியில் மட்டும், மூன்றாம் சுரம் மேலே. கடைசிப் பல்லவியின் ஹார்மனியை ஒரு பெண்குரல் பாடினால் மகள் பேசுகிறாள் என்பது இன்னும் தெளிவாகும்.

மிக்ஸ்

ராக் மிக்ஸில் நீங்கள் வைக்கும் இடத்தைவிடக் குரலை 2 முதல் 3 டெசிபல் மேலே வையுங்கள். கம்ப்ரெஷன் 3-க்கு 1, உரத்த இடத்தில் 4 முதல் 6 டெசிபல் வரை அழுத்தினால் சரி. ப்ளேட் ரிவெர்ப் (குரலுக்குப் பின் நீளும் முழக்கம்) 1.6 விநாடி, அது தொடங்குமுன் 50 மில்லி விநாடி இடைவெளி. அந்த இடைவெளி இல்லாவிட்டால் ரிவெர்ப் சொல்லின் தலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பாடும் இடங்களில் ஸ்டீலை 3 டெசிபல் இறக்கி, வரி முடிந்ததும் ஏற்றும்படி ஆட்டோமேஷன் எழுதுங்கள்.

சோதிக்கும் இடம் கார். ஜன்னலை இறக்கி, 60 கிலோமீட்டர் வேகத்தில், ஒலியைப் பாதியில் வைத்து ஓட்டுங்கள். பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முடிந்ததும் பூஸ்டர் சீட்டைக் கழற்றியது யார், கொக்கியை இழுத்துப் பார்த்தது யார், கடைசியில் கார் ஓட்டியது யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை வரவில்லை என்றால் மிக்ஸைத் தொடாதீர்கள். அகூஸ்டிக்கை எடுத்துக்கொண்டு வரிகளுக்குத் திரும்புங்கள்.

முடிப்பின் இரண்டு பாரில் 1-ஆம் கார்ட் ஒலிக்கும்போது டிரம்ஸ் வேண்டாம், ஸ்டீலும் வேண்டாம். அகூஸ்டிக் ஒலி தானாக அடங்கும்வரை ஒலியளவை மாற்றும் ஃபேடரைத் தொடாமல் விடுங்கள். ஒலி ஓய்ந்ததும் விரல் கம்பியில் உரசும் சிறு சத்தம் வந்தால் அதை வெட்ட வேண்டாம்.